பதினெட்டு வரிசை மட்டாரோ

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. ஒரு பக்கக் கடிதம். எழுதியவன் என் தம்பி மனோலிஸ். அதன் கீழே என் கையெழுத்தும் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். இன்று வெள்ளிக்கிழமை. நான் கையெழுத்துப் போடாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுபது வயதில் ஒரு மனிதன் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற ஃபோட்டிஸ் நான்தான். 'நான்' என்று தொடங்கினால் பேனா என் பக்கம் சாய்கிறது. ஆகவே 'அவர்'.

2

முதல் தொடக்கம்:

லாக்ஸ்டன் ஊருக்கு வெளியே, மர்ரி ஆற்றுத் தண்ணீர் பாயும் செம்மண்ணில், வர்தாலாஸ் குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் ஐம்பது ஆண்டுகளாகத் தலை நிமிர்ந்து—

(அடித்துவிட்டேன். இது எங்கள் வாசல் பலகையின் நடை. அந்தப் பலகையை எழுதியவரும் ஃபோட்டிஸ்தான்.)

இரண்டாம் தொடக்கம்:

டெஸ்பினா சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்தாள். அவள் மனோலிஸின் மகள். வீட்டு ஒயினை இப்போது அவள்தான் தயாரிக்கிறாள். கொடிகளில் நோய் இருக்கிறதா, ரகம் சரிதானா என்று பார்க்க இலைகளை அடிலெய்டில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தாள்.

"நோய் ஒண்ணும் இல்ல பெரியப்பா. இலை சுத்தமா இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"பள்ளத்து வரிசை பதினெட்டும் ஷிராஸ் இல்லியாம். மட்டாரோவாம்."

மனோலிஸ் ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டுச் சிரித்தான். "லேப்ல எவனோ தூங்கிட்டான்."

"ரெண்டு தடவை அனுப்பினேன்பா. ரெண்டு பேருமா தூங்குவாங்க?"

மனோலிஸின் சிரிப்பு நின்றது. ஃபோட்டிஸ் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

(இந்தத் தொடக்கம் இருக்கட்டும். இதில் பொய் இல்லை.)

ஷிராஸும் மட்டாரோவும் இரண்டு கருந்திராட்சை ரகங்கள். கணக்கு எளியது. தோட்டத்தில் ஷிராஸ் என்று நாங்கள் நம்பியது அறுபது வரிசை. அதில் பதினெட்டு மட்டாரோ. புட்டியில் ஒரே திராட்சையின் பெயரைப் போட வேண்டுமானால், உள்ளே நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பதினான்கு டாலர் ஷிராஸில் எழுபதுதான் ஷிராஸ். அந்தப் புட்டிதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வட்டாரப் போட்டியில், பதினைந்து டாலருக்கு உட்பட்டவற்றில் சிறந்த ஷிராஸ் என்று பதக்கம் வாங்கியது.*

* மலிவான ஒயின் என்று உதட்டைச் சுழிக்காதீர்கள். நூறு டாலர் புட்டி செய்ய எவனாலும் முடியும். அவன் ஒரு கொடியில் நான்கு குலை விட்டு மற்றதை வெட்டி எறிகிறான். பள்ளிக்கூட வாத்தியாரும் லாரி ஓட்டுபவரும் வாங்குகிற விலைக்குள் நாணயமான ஒயின் செய்வது வேறு வேலை. இந்த வாக்கியத்தில் 'நாணயமான' என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

3

"பதக்கத்தத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றான் மனோலிஸ்.

"குடுத்தா ஊரே சிரிக்கும்" என்றார் ஃபோட்டிஸ். "ஆத்தோரத்து கிரேக்கனுக்குத் தன் கொடியே தெரியலன்னு சொல்லுவானுங்க."

"வச்சிருந்தா எனக்கு சிரிப்பே வராது பெரியப்பா" என்றாள் டெஸ்பினா. "இனிமே லேபிள்ல ஷிராஸ் மட்டாரோன்னு ரெண்டு பேரையும் போடுவேன்."

"மட்டாரோவா? அட்டைப்பெட்டி ஒயின்ல கலந்து ஊத்துற சரக்கும்மா அது. எவன் வாங்குவான்?"

"சிட்னில இப்ப அதுக்குத்தான் மவுசு. நடுவருங்க என்ன எழுதினாங்க? மிளகு வாசம், ஈரமண்ணு வாசம். எல்லாம் அந்தப் பதினெட்டு வரிசை குடுத்தது. அத்தன பேரும் மட்டாரோவத்தான் மெச்சியிருக்காங்க, பேரு தெரியாம."

அடுத்த நாளே மனோலிஸ் போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டான். அதில் ஒரு வரி: 'காலஞ்சென்ற எங்கள் தந்தை ஸ்டாமாட்டிஸ் வர்தாலாஸ், படிப்பறிவு இல்லாதவர், ரகங்களைப் பிரித்தறியத் தெரியாமல் கொடிகளை நட்டுவிட்டார்.'

"இத எதுக்கு எழுதின?" என்றார் ஃபோட்டிஸ்.

"காரணம் சொல்லணும்ல? அவரு போயி முப்பது வருஷம் ஆச்சு ஃபோட்டி. இனிமே அவருக்கு என்ன வலிக்கப் போவுது?"

ஃபோட்டிஸ் கையை நீட்டினார். பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

4

இங்கேதான் கதை மூன்று மணி நேரமாக நிற்கிறது. கொடி நட்ட 1973-ஐ எழுத வேண்டும். எழுதிப் பார்த்த விதங்கள் இவை:

அ. பக்கத்துத் தோட்டக்கார ஜெர்மானியர் ரகத்தை மாற்றிக் கொடுத்து ஏமாற்றி—

(அந்த மனிதர் நடுவதற்குக் கொடிக் குச்சிகளை எங்களுக்குச் சும்மா கொடுத்தார். அவர் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள்.)

ஆ. குளிர்காலத்தில் கொடிக்கு இலை கிடையாது. வெறும் குச்சியைப் பார்த்து இது ஷிராஸ், இது மட்டாரோ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தெரியாமல் நடந்த—

(பாதி உண்மை. அதுதான் தொல்லை.)

இ. பத்தொன்பது வயது ஃபோட்டிஸை அப்பா ஜெர்மானியர் தோட்டத்துக்குக் குச்சி வெட்ட அனுப்பினார். கிட்டத்தட்ட ஐயாயிரம் குச்சி வேண்டும். வாரம் முழுவதும் ஷிராஸ் கொடிகளில் கத்தரி போட்டு, வெட்டி, கட்டி, ஈரமணலில் புதைத்து வைத்தான். சனிக்கிழமை மதியம் இன்னும் ஆயிரத்து நானூறு குறைந்தது. ரென்மார்க்கில் ஆறு மணிக்கு நடனம். புது ஷூ வாங்கியிருந்தான். அடுத்த பகுதியில் ஜெர்மானியரே கவாத்து முடித்து, வெட்டிய கொடிகளைத் தரையில் போட்டு வைத்திருந்தார். குனிந்து அள்ளிக் கட்டினால் போதும். அந்த வரிசையின் முனைக் கம்பத்தில் ரகத்தின் முதலெழுத்து வெள்ளைச் சாயத்தில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

பார்த்தான்.

பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில் நாற்பத்திரண்டு வரிசை துளிர்த்து நின்றபோது பள்ளத்தில் பதினெட்டு வரிசை மொட்டு விடாமல் தூங்கியது. மட்டாரோ அப்படித்தான், பிந்தித்தான் எழுந்திருக்கும். அப்பா வரிசை முனையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "பள்ளம்ப்பா, குளிர் தேங்குது. அதான் லேட்டாவுது" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வரிசைகளை எங்கள் வீட்டில் எல்லோரும் பள்ளத்து வரிசை என்றே சொன்னோம். மூன்று வாரம் தள்ளி அறுவடை செய்தோம். அப்பாவும் பள்ளத்து வரிசை என்றே சொன்னார்.

படிப்பறிவு இல்லாதவர்தான். ஆனால் கிரீட் தீவில் ஏழு வயதிலிருந்து கொடிகளோடு இருந்தவர். இலை வந்தபின் அவருக்கா தெரியாது?

(இந்தக் கேள்விக்கு விடை எழுத என்னால் ஆகாது. விடை தெரிந்தவர் அதை யாரிடமும் சொல்லாமலே இருபது வருடம் வாழ்ந்தார்.)

5

முடிவுகள்.

ஒன்று: ஃபோட்டிஸ் கையெழுத்துப் போடுகிறார். கடிதம் போகிறது, பதக்கமும் போகிறது. குழு பெருந்தன்மையாக ஒரு பதில் எழுதுகிறது: முதல் தலைமுறைக் குடியேறிகளின் அறியாமை புரிந்துகொள்ளத்தக்கது. டெஸ்பினா அதை ஃபைலில் வைக்கிறாள். (குடும்ப மானம் பிழைத்தது. யாருடைய செலவில் என்று கேட்காவிட்டால்.)

இரண்டு: ஃபோட்டிஸ் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். மனோலிஸ் கட்டிப்பிடித்து—

(இல்லை. மனோலிஸை எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாக 'வர்தாலாஸ் பெயரைக் கெடுக்காதே' என்று அவனை மிரட்டியவன் நான். பதினாறு வயதில் ஒரு கூடை ஆப்ரிகாட் பழம் திருடியதற்காக அவனை ஊர் பார்க்க நடக்கவைத்துத் திருப்பிக் கொடுக்கச் செய்தவன். அவன் கட்டிப்பிடிக்க மாட்டான். முதலில் சிரிப்பான். நான் அஞ்சுவது அந்தச் சிரிப்புக்குத்தான்.)

மூன்று: ஃபோட்டிஸ் கடிதத்தைக் கிழிக்கிறார். (வேறு தாள் இருக்கிறது. தம்பிக்குக் கையும் இருக்கிறது.)

இதோ வெளியே ஹாரன் அடிக்கிறான். தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடும்.

"ஃபோட்டி! ஒரு கையெழுத்துக்கு எம்மாம் நேரம்? உயிலா எழுதுற?"

"வரேன்டா!"

இதற்கு மேல் எனக்கு நேரமில்லை. நான் செய்தது இவ்வளவுதான்: கடிதத்தில் 'காலஞ்சென்ற எங்கள் தந்தை' என்பதில் தொடங்கி, 'படிப்பறிவு இல்லாதவர்' உட்பட, 'தெரியாமல்' வரை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது:

'................ கொடிகளை நட்டுவிட்டார்.'

கோட்டின் மேல் ஒரு பெயர் வேண்டும். கீழே என் கையெழுத்து ஈரமாக இருக்கிறது. கதையை முடித்துக் கொடுப்பது உங்கள் பாடு. எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பா பெயரை மட்டும் எழுதாதீர்கள்.