டாக்டர் ஸப்ரி சொல்லாத வரி

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பல்வலியால் கிடைத்தது. அலெக்சாந்திரியாவில் பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது ஒரு பழைய மாலைப் பத்திரிகை கையில் சிக்கியது. ‘சமூக வலைத்தளம் இதயத்தைத் தின்கிறது’ என்று நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. படித்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி எடுத்தேன். எழுதியவர் பெயர் போட்டிருந்தது. அவளை ஷஹீரா என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஷஹீரா உண்மையை உயிராக நேசித்தாள், ஆனால்—’

வேண்டாம். நேசித்தாளா இல்லையா என்று எனக்கே தெரியாது. பத்திரிகையின் உடல்நலப் பக்கம் அவள் பொறுப்பு. மூன்று மணிக்குள் அது முடிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அன்று வந்திருந்த வெளிநாட்டுச் செய்தி ரொம்பச் சாதுவானது. நாற்பத்தோரு மாணவர்களைக் கேட்டதில், தனிமையில் இருந்தவர்கள் வலைத்தளத்தில் கூடுதல் நேரம் செலவிட்டார்களாம். பத்திரிகை ஆசிரியர் அத்லி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல யாரும் சாகலியே, ஷஹீரா.”

“மாணவங்க, உஸ்தாத். நல்லாத்தான் இருக்காங்க.”

“நல்லா இருக்கிறவனைப் பத்தி எவன் காசு குடுத்துப் படிப்பான்? இதயத்தை உள்ள கொண்டு வா. ஒரு டாக்டரையும் போடு.”

டாக்டரைப் ‘போடுவதற்கு’ அங்கே ஒரு முறை இருந்தது. மேற்கோளை இவளே எழுதிவிடுவாள். பிறகு டாக்டர் ஸப்ரியைக் கூப்பிடுவாள்.

“டாக்டர், நீங்க சொன்னதாப் போட்டிருக்கேன். படிக்கட்டுமா?”

“நேரமில்லம்மா. நல்லாத்தான் சொல்லியிருப்பேன், போடு. படத்துல மட்டும் கண்ணாடி இல்லாம இருக்கட்டும்.”

இப்படித்தான் அது அச்சேறியது: ‘இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் வலைத்தளத்திலிருந்து இன்றே விலகிவிடுவது நல்லது.’

(சிறுநீரகம் எங்கிருந்து வந்தது? பத்தியின் கடைசி வரி பாதியில் நின்றது. நிரப்ப இரண்டு சொல் தேவைப்பட்டது.)

3.

ஷஹீராவின் அப்பா மம்தூஹ், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுது; ஞாயிறு, செவ்வாய், வியாழன் டயாலிசிஸ் மையத்தில் ரத்தச் சுத்திகரிப்பு. அதே நாட்களில் எந்திரத்தில் கிடப்பவர்கள் இருபத்திரண்டு பேர் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யார் திருட்டுத்தனமாகப் பேரீச்சம்பழம் தின்றார், தாகத்துக்கு யார் எத்தனை பனிக்கட்டி சப்பினார் என்று நாள் முழுக்கக் கேலி நடக்கும். எந்திரம் பழுதானால், முறை மாறினால், அந்தச் செய்தியும் அங்கேதான் வரும்.

மகளின் பக்கத்தைப் படித்த அன்றே அவர் கைப்பேசியை அணைத்து, அலமாரியில் கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம விலகிட்டீங்களா, பாபா?”

“டாக்டர் ‘இன்றே’ன்னுல்ல சொல்லியிருக்கார். ‘நாளைக்கு’ன்னு சொல்லியிருந்தா எல்லார்கிட்டயும் சொல்லிட்டே வந்திருப்பேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அது தான் எழுதிய வரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் இவ்வளவு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எந்திரங்களுக்குப் பராமரிப்பு, எல்லோரும் திங்களே வந்துவிடுங்கள் என்று குழுவில் செய்தி வந்தது. மம்தூஹ் செவ்வாயன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். புதன் மதியம் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல் போனது. தீவிர சிகிச்சையில் இரண்டு நாள். பிழைத்தார்.

(‘அவளே மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?’ என்பீர்கள். மையத்தில் போனை யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் அந்தக் குழுவே உண்டானது.)

4.

இந்த இடத்தில் ஊடகங்களின் பொறுப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தால் அதற்குள்ளும் ஒரு நிபுணர் புகுந்து உட்கார்ந்திருந்தார். அடித்துவிட்டேன்.

முடிவு, ஒரு மாதிரி: விஷயம் அத்லிக்குத் தெரிகிறது. “அடடா, இது இன்னும் பெரிய செய்தியாச்சே. ‘கைப்பேசியைத் துறந்தவர் உயிருக்குப் போராட்டம்’னு போடு. டாக்டர் ஸப்ரியையே கேளு.” ஷஹீரா எழுத உட்கார்கி—

இல்லை. அத்லி கேட்டார், அது நிச்சயம். அவள் உட்காரவில்லை. ஷஹீராவை நான் அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

5.

திங்கள் காலை அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். தலையணையில் சாய்ந்துகொண்டு அவர் கேட்டார்.

“ஷூஷூ, அந்த டாக்டர் ஸப்ரி நல்ல மனுஷன் போல. பேச்சுலயே தெரியுது. அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றியா?”

“என்ன பாபா?”

“தினம் பத்து நிமிஷம் அந்தக் குழுவைப் பார்த்துக்கலாமான்னு. அதுல இருக்கிற ஃபிக்ரிக்குக் கையில ஊசி ஏறாம இருந்துச்சு. இப்ப என்ன ஆச்சுன்னு தெரியல. பத்து நிமிஷம் ஜாஸ்தின்னா அஞ்சு போதும்.”

அவள் கூடத்துக்குப் போய்க் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. ‘சரின்னுட்டார்’ என்றால் போதும், அப்பா இந்த நிமிஷமே குழுவுக்குத் திரும்பிவிடுவார். நாளைக்கு அவள் எழுதும் பக்கத்தில் இன்னொரு டாக்டர் இன்னொன்றைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். உண்மையைச் சொன்னால், அவர் உயிரைப் பணயம் வைத்துக் கீழ்ப்படிந்த வரி, இடம் நிரப்ப மகள் எழுதியது என்று ஆகிவிடும். அவளுக்கு அவமானமாக இருந்தது.

திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னார்?”

அவள் வாயைத் திறந்தாள். அடுத்த வரியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருத்தமாகவே இருந்தன. அதுதான் பயமாக இருக்கிறது. அவள் சொல்லாததை அவள் பெயரில் போட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் போடுவதானால் போடுங்கள். ஆனால் அவர் அதை நம்பிவிடுவார். நாளை செவ்வாய்க்கிழமை.