திப்பேஸ்வாமி எடுக்காத கடைசிக் காட்சி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது; அதை மறைத்து எழுத எனக்கு வராது. போன மாதம் பெங்களூரில் இயக்குநர் திப்பேஸ்வாமிக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள். ‘இவருடைய மறக்க முடியாத காட்சி’ என்று அறிவித்துவிட்டு, மேடைத் திரையில் அவர் எடுக்காத காட்சியைப் போட்டார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘சித்ரதுர்காவின் வறண்ட மண்ணில் முளைத்த ஒரு கனவு...’

[அடித்துவிட்டேன். விழா மலருக்கு எழுதுகிறவர்கள் எழுதட்டும்.]

திப்பேஸ்வாமியின் அண்ணன் இரும்புச் சுரங்கத்தில் மண் சரிந்து செத்தார். ‘அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை’ என்று முதலாளி சாதித்துவிட்டான். யாரும் தோண்டவில்லை. உடல் கிடைக்கவே இல்லை.

தம்பி பெங்களூரில் கன்னட சினிமாக் கம்பெனிகள் இருக்கும் காந்திநகருக்கு வந்து, அடுத்தவர் படங்களில் மாடாக உழைத்து, வயிற்றுப்பாட்டுக்கு ரீமேக்குகள் எடுத்து, கடைசியில் அந்தச் சாவைப் படமாக்கினார். இறுதிக் காட்சியில் நாயகன் மண்ணுக்குள் கிடக்கிறான். மேலே அவன் மனைவி வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருக்கிறாள். அதோடு படம் முடிகிறது.

நாயகனாக நடித்தவர் பெரிய நட்சத்திரம். [அவரை ஏன் போட்டார் என்று கேட்காதீர்கள். அவர் இல்லாவிட்டால் எந்தத் தயாரிப்பாளரும் கதவையே திறந்திருக்க மாட்டான்.] காலையில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய ரசிகர்கள் மதியம் நாற்காலிகளைக் கிழித்தார்கள். அவர்களுடைய அண்ணன் சாகக் கூடாதாம்!

தயாரிப்பாளர் ஹனுமேகௌடா இயக்குநரிடம் மூச்சு விடவில்லை. உதவி இயக்குநர்களை வைத்தே வேறு முடிவு எடுத்து, நாயகனை ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவைத்தார். ஒரு பாட்டும் உண்டு. பழைய முடிவை எல்லாப் பிரதிகளிலிருந்தும் வெட்டி எறிந்தார்.

3

இது தெரியாமல் அடுத்த வெள்ளிக்கிழமை திப்பேஸ்வாமி தன் அண்ணி கங்கம்மாவைச் சித்ரதுர்காவில் படத்துக்கு அழைத்துப்போனார்.

“அவரு செத்ததையே இல்லேன்னுட்டானுங்க. நீயாச்சும் நாலு பேருக்குக் காட்டுறியே தம்பி” என்று சொல்லிக்கொண்டே அவள் உட்கார்ந்தாள்.

நாயகன் கண் விழித்தான். எழுந்தான். ஆடினான். விசில் காதைக் கிழித்தது. கங்கம்மா திரும்பி, கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு

[முடியவில்லை. பிறகு இந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன்.]

4

மறுநாளே திப்பேஸ்வாமி ஹனுமேகௌடாவின் சட்டையைப் பிடித்தார்.

“யாரைக் கேட்டுய்யா அவனை எழுப்புனே?”

“ஏன் குருவே கத்தறே? ஜனம் கேட்டுச்சு, கொடுத்தேன். போஸ்டர்ல உன் பேரைப் பெருசாத்தானே போட்டிருக்கேன்?”

“செத்தது எங்க அண்ணன்யா!”

“அதான் உயிரோட கொண்டுவந்துட்டேனே. நன்றி சொல்லு!”

படம் நூறு நாள் ஓடித் தொலைத்தது. அதற்குப் பிறகு கதை கேட்க வந்தவன் எல்லாம் ‘அதே மாதிரி ஒரு முடிவு’ கேட்டான். இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டு, போங்கடா என்று திப்பேஸ்வாமி நிறுத்திக்கொண்டார்.

5

விருது மேடையில் என்ன நடந்தது?

விருதைத் தூக்கி எறிந்தார். [இது என் ஆசை.]

உண்மையைச் சொன்னார், ஹனுமேகௌடா தலைகுனிந்தார். [அந்த ஆளா? முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.]

நடந்தது வேறு. திப்பேஸ்வாமி மைக்கைப் பிடித்து, “இது நான் எடுத்ததில்லை” என்றார். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பாவிகள்.

6

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். நான் விட மாட்டேன். ஜனம் கேட்டது என்று கொடுத்ததில் வந்த வினைதான் இவ்வளவும். இதமான முடிவு வேண்டுமென்றால் ஹனுமேகௌடாவிடம் போங்கள்.

எழுதியதைத் திப்பேஸ்வாமிக்குக் கன்னடத்தில் சொல்லிக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“அண்ணி கேட்டதை ஏன்யா முழுங்கிட்டே? அதைக் கடைசியில வை. அதுக்கு மேல ஒரு வரி சேர்த்தே, கையை ஒடிச்சிருவேன்.”

வைக்கிறேன். சுற்றிலும் விசில் பறந்துகொண்டிருக்க, கங்கம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“எழுந்துட்டாரே தம்பி... அப்போ வீட்டுக்கு ஏன் வரலே?”