ஐந்தாம் அறைக் கண்ணாடி

என் தம்பி கோல்மன் இறந்து ஒரு மாதம் ஆன ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் அவனுக்காகப் பூசை வைத்தோம். முடிந்ததும் வாசலில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். "நல்ல பையன்," என்றார்கள். ஐம்பத்தொன்பது வயதில் இறந்தவனைப் பையன் என்று சொன்னதில் தப்பில்லை. பதினேழு வயதில் வேலை தேடிக் கவன்ட்ரிக்குக் கப்பலேறியவனை அதற்குப் பிறகு அவர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை.

மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். பள்ளியில் என் அறை, வகுப்புகளைச் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேசைமேல் பழுப்புத் தாளில் சுற்றிய, இழுத்து மறைக்கும் சுருள் திரை ஒன்று கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "மாலக்கி, நேரம் கிடைக்கும்போது ஐந்தாம் அறைக் கதவுக் கண்ணாடியில் இதை மாட்டித் தர முடியுமா? அவசரம் இல்லை. தம்பி போனதற்கு வருந்துகிறேன். ஃபின்டன்."

நான் படித்த அதே பள்ளியில்தான் இருபத்திரண்டு வருடமாகக் கேர்டேக்கராக இருக்கிறேன். கட்டடம் மட்டும் வேறு. பழையதை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது ஆசிரியர்கள் கார் நிறுத்துகிறார்கள். புதிய கட்டடத்தில் எல்லா வகுப்புக் கதவுகளிலும், ஒரு சாண் அகலத்துக்கு, நின்றால் முகம் தெரியும் உயரத்தில் கண்ணாடி உண்டு. தினமும் காலையில் அத்தனையையும் துடைப்பேன். யாரும் அப்படித் துடைக்கச் சொன்னதில்லை.

ஐந்தாம் அறை சின்னது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஃபின்டன் ஒவ்வொருவராக அங்கே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறான். அவனும் இந்தப் பள்ளியில் படித்தவன்தான். அவன் கூரைமேல் அடித்த பந்துகளை ஏணி போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

திரையை எடுத்துப் பாய்லருக்குப் பின்னால் வைத்தேன். செவ்வாய் போனது. புதனன்று டீ குடிக்கும் இடத்தில் ஃபின்டன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மாலக்கி, திரைக்கு ரோம்ல இருந்து அனுமதி வரணுமா? இல்ல, போப்பாண்டவரே நேர்ல வந்து மாட்டுறாரா?"

"ட்ரில்லு மக்கர் பண்ணுது."

"போன வாரம் அந்த ட்ரில்ல பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தீங்களே, அவங்க அலமாரியே செஞ்சுட்டாங்களாமே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எதுக்குப்பா திரை?" என்று கேட்டேன்.

"செனனுக்காகத்தான். எட்டு வயசு ஆச்சு, இந்த மாசம்தான் முதல் தடவையா ஒரு பக்கம் முழுசாப் படிச்சான். அந்த நேரம் பார்த்து அவன் தங்கச்சி நேசா பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு இந்தப் பக்கமா வர்றா. கண்ணாடி எட்டாது. அதனால குதிக்கிறா. டொப்புனு ஒரு தலை மேல வரும், போயிடும். மறுபடி டொப்பு. அவ்ளோதான், அன்னிக்குப் பாடம் முடிஞ்சுது."

"அவகிட்டச் சொல்லிப் பாக்கலாமே."

"சொல்லாமயா? 'நான் சும்மா குதிக்கல, செனன் இருக்கானான்னு பாக்குறேன்'ங்கிறா. அஞ்சு வயசு! உங்களையும் என்னையும் சேர்த்து வித்துட்டு வர்ற காசுக்கு மிட்டாய் வாங்கிடுவா."

தலைமையாசிரியை டெர்வ்லாவிடம் போய்க் கேட்டேன்.

"ஃபின்டன் சொன்னான். நியாயமாத்தான் இருக்கு," என்றாள். "ஏன், எதாவது பிரச்சனையா?"

"கண்ணாடிய மறைக்கலாமான்னு யோசனை."

"ஒரு மணி நேரம்தானே. அவனுக்குப் போலீஸ் சான்றிதழ், பயிற்சி, எல்லாம் இருக்கு. கோப்புல பத்திரமா வெச்சிருக்கேன்." சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். பிள்ளைகளைப் பற்றிய கவலை எதுவாக இருந்தாலும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவள் பெயரும் இருந்தது. அந்த அறிவிப்புக்கு ஆணி அடித்ததே நான்தான்.

எங்கள் காலத்துப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள். நடுவில் ஒரு சின்ன அறை. துணியில் ஒட்டிய பெரிய வரைபடங்களைச் சுருட்டி அதற்குள் நிறுத்தி வைத்திருப்பார்கள். வரைபட அறை என்று பெயர். பலகைக் கதவு. வியாழக்கிழமை பூகோளம். பாடம் முடிந்ததும் மாஸ்டர் கில்டே ஒரு பையனின் பெயரைச் சொல்வார். அவன் வரைபடங்களை உள்ளே எடுத்துப் போய் அடுக்க உதவ வேண்டும். மற்றவர்கள் கணக்குப் போட வேண்டும்.

அது பெரிய கௌரவம். மாஸ்டர் கூப்பிடும் பையன் உருப்படுவான் என்று ஊரில் பேச்சு. கில்டே, கோயில் சாமியாருக்கு வலது கை. மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவார். என் பெயரைச் சொன்ன வாரத்திலிருந்து அம்மா வியாழக்கிழமை காலைகளில் என் சட்டைக் காலருக்குத் தனியாக இஸ்திரி போட்டாள். "மாஸ்டர் பக்கத்துல நிக்கிற பையன் கசங்கிப் போய் நிக்கக் கூடாது," என்பாள். மாஸ்டருக்கு என்று தாளில் சுற்றிய ஆறு முட்டைகளையும் கொடுத்தனுப்புவாள். காலர் சூடு ஆறுவதற்குள் சட்டையை மாட்டிவிடுவாள். கழுத்தில் அந்தச் சூடு பள்ளி வாசல்வரை இருக்கும்.

உள்ளே நடந்ததை எழுதப் போவதில்லை. ஒரு பெரிய மனிதன் ஒரு குழந்தையிடம் செய்யக் கூடாதது. இரண்டு வருடம் நடந்தது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும் அம்மாவிடம் எதை எங்கிருந்து தொடங்குவது?

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு வியாழக்கிழமை அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "கோல்மன்," என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து இதை எழுதினால் எழுதியதில் அர்த்தமில்லை. ஒன்பது வயதுத் தம்பி வரைபடத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனான். நான் குனிந்து கணக்குப் போட்டேன். இரண்டு கணக்குப் போட்டேன். பிறகு எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நானும் போய்விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா இரண்டு காலர்களுக்கு இஸ்திரி போட்டாள்.

டெர்வ்லாவைப் பார்த்த மறுநாள், வியாழன் காலை, ட்ரில்லையும் திரையையும் எடுத்துக்கொண்டு ஐந்தாம் அறைக்குப் போனேன். இதற்குமேல் சாக்குச் சொல்ல முடியாது. ஃபின்டனும் செனனும் மேசையில் இருந்தார்கள்.

"அப்புறமா வரட்டுமா?"

"வேண்டாம், மாட்டுங்க. செனன் சாருக்கு ட்ரில்லு பாக்கணுமாம். ஒரு பக்கம் படிச்சா பாக்கலாம்னு பேரம் பேசி வெச்சிருக்கோம்."

"படிச்சுட்டேன்," என்றான் செனன். முன்பல் இரண்டும் இல்லை. "கடைசி வரி மட்டும் அவர் படிச்சார்."

"டேய், அத ஏன்டா சொல்ற!"

கதவைச் சாத்தி, துளையிட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்தேன். அப்போது வெளியே ஷூ சத்தம் கேட்டது. பிறகு, டொப். கண்ணாடியில் ஒரு சிவப்பு முடித் தலை, இரண்டு கண்கள். என் முகத்தை அங்கே எதிர்பார்க்கவில்லை போல. மறுபடி டொப். இப்போது என் தோளுக்கு அந்தப்புறம் தேடின அந்தக் கண்கள். செனன் திரும்பவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினான். ஷூ சத்தம் பாத்ரூம் பக்கமாகப் போனது.

"பாத்தீங்களா?" என்றான் ஃபின்டன். "தினமும் இதே கூத்துதான்."

"உனக்குத் தொந்தரவா இருக்கா, செனன்?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "ஷூ சத்தம் கேட்டதும் நேசா வந்துட்டான்னு தெரியும். அப்புறம் எந்த வரியில இருந்தேன்னு மறந்துடும்."

ட்ரில்லைக் கீழே வைத்தேன். மணி அடிக்கும்வரை கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. செனனுக்கு ட்ரில் ஓடாதது ஏமாற்றம். ஒரு மரத்துண்டில் அவனையே ஒரு துளை போடவிட்டேன். துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடினான்.

"ஃபின்டன், என்னால இத மாட்ட முடியாது," என்றேன்.

"ஏன், கதவு வீணாப் போயிடுமா?"

"கதவு மூடினா உள்ள பாக்க முடியணும். ஒரு பிள்ளையும் ஒரு பெரிய ஆளும் உள்ள இருந்தா, வெளியில போறவங்க கண்ணுல படணும்."

அவன் முகம் மெல்லச் சிவந்தது. புத்தகங்களை அடுக்கினான். பிறகு அடுக்கியதைக் கலைத்தான்.

"என்னைப் பத்தியா சொல்றீங்க? ஏழு வயசுல இருந்து என்னைத் தெரியும் உங்களுக்கு."

"தெரியும். அதான் கஷ்டமே. உன்மேல சந்தேகம் இருந்திருந்தா நாலு நாள் திரையை ஒளிச்சு வெச்சுட்டு இருந்திருக்க மாட்டேன். நேரா டெர்வ்லாகிட்டப் போயிருப்பேன். நீ நல்லவன். நாளைக்கு நீ வேற ஊருக்குப் போவே. திரை இங்கயேதான் இருக்கும். அடுத்து வர்றவன் யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க மாஸ்டரையும் ஊரே நல்லவன்னுதான் சொல்லுச்சு."

"எந்த மாஸ்டர்?"

சொன்னேன். அறுபத்தொரு வயதில் முதல் முறையாக, ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்து, வரைபட அறையைப் பற்றிச் சொன்னேன். நான் நினைத்ததைவிடக் குறைவான வார்த்தைகளே தேவைப்பட்டன. கோல்மனுக்கும் அதே நடந்தது என்று சொன்னபோது ஃபின்டன் மேசையைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் இதப்பத்திப் பேசினதே இல்லையா?"

"ஒரு தடவை. ஜனவரில, ஆஸ்பத்திரில."

அன்று கோல்மன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டான்: "மாலக்கி, அன்னிக்கு வரைபட ரூம் வெளியில நின்னது நீதானே?"

"எப்படிடா தெரியும்?"

"கதவுக்கு அடியில இடுக்கு இருந்துச்சே. பூட்ஸ் தெரிஞ்சுது. இடது காலுக்கு லேசுக்குப் பதிலா வைக்கோல் கட்டுற கயிறு போட்டிருப்பே. நீலக் கயிறு. அதையே பாத்துட்டு இருந்தேன்."

"தட்டத்தான் வந்தேன்."

"தெரியும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது நின்ன வரைக்கும் பரவாயில்ல. அப்புறம் போயிடுச்சு." பிறகு கோப்பையை நீட்டினான். "டீ ஆறிப்போச்சுடா. வேற வாங்கிட்டு வா."

வாங்கிவந்தபோது தூங்கிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தான். வேறு எல்லாவற்றையும் பேசினோம்.

ஃபின்டன் எழுந்து போய்க் கதவைப் பார்த்தான். கண்ணாடி வழியே நடைபாதையைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினான்.

"மேசைய அந்தப் பக்கமாப் போட்டா என்ன?" என்றான். "செனன் முதுகு கதவுப் பக்கம், நான் கதவைப் பாத்து. அவன் கண்ணுல அவ தலை படாது."

"அதை நீ முதல்லயே செஞ்சிருக்கலாமே."

"செஞ்சிருக்கலாம். திரை வாங்கறது சுலபமா இருந்துச்சு." அழுகிறவன் போலச் சிரித்தான். "ஒரு கை புடிங்க. மேசை கனம்."

பிடித்தேன்.

அன்று மதியம் டெர்வ்லாவிடம் போனேன். அறிவிப்பில் இருந்த பெயரிடம்தானே சொல்ல வேண்டும். அவள் கதவைச் சாத்தப் போனாள். பிறகு ஏதோ நினைத்துப் பாதி திறந்தே விட்டாள். நான் சொல்லி முடித்ததும், எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். வேறு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள், இப்போது தாத்தாவாக எங்காவது இருப்பார்கள் என்றாள்.

"எழுதிக்கோங்க. என் பேரைப் போடுங்க."

"தம்பி பேரு?"

அதற்குத்தான் நேரம் எடுத்தது. அவனைக் கேட்க வழியில்லை. "போடுங்க," என்றேன். "அவன் என்னைக் கேட்டான். வேற யாராவது அவனைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

அடுத்த வாரம் கதவுக் கண்ணாடிகளில் எதுவும் ஒட்டக் கூடாது என்று டெர்வ்லா உத்தரவு போட்டாள். புனித பாட்ரிக் திருநாளுக்காகப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய பச்சைக் காகித இலைகள்கூடக் கூடாது. "அந்த இலை என்ன பாவம் செஞ்சுது?" என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் முணுமுணுத்தாள். இலைகளைச் சுரண்டி எடுத்தவன் நான் என்பதால் திட்டும் எனக்கே. ஜன்னலில் ஒட்டிக் கொடுத்தேன்.

நேசா மட்டும் திருப்தியாகவில்லை. துடைப்பத்தோடு நின்ற என்னிடம் வந்து முறையிட்டாள்.

"செனனோட மூஞ்சி தெரியல. முதுகுதான் தெரியுது."

"அவன் முதுகுதானே அது?"

"எப்படித் தெரியும்? ஸ்வெட்டர் எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

நியாயமான கேள்வி. செனனிடம் சொன்னேன். அவன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். ஷூ சத்தம் கேட்டதும், இடது விரலைப் படிக்கிற வரியின்மேல் வைத்துக்கொண்டு, வலது கையை நாற்காலிக்குப் பின்னால் நீட்டி விரல்களை அசைக்கிறான். வரி தவறுவதில்லை என்று ஃபின்டன் சொல்கிறான். சில நாள் தவறுகிறது.

செனனின் பாடம் நடக்கும் பதினொரு மணிக்கு இப்போது நான் அந்த நடைபாதையைத்தான் துடைக்கிறேன். நேசா டொப் என்று குதிக்கிறாள், பார்க்கிறாள், திருப்தியாக நடந்து போகிறாள். மணி அடித்தாலும் நான் நகர்வதில்லை. கதவு திறந்து செனன் வெளியே வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.