நஸ்மியின் கோட் கிழியுமா?

1

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். இங்கே நோர்வேயில், குறொன்லாண்டில் மரக்கறி வாங்கும்போதா, மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலிலா? நண்பர் அருட்செல்வம் பக்கத்தில் இருந்தார். ஒட்டோமான் காலத்து இஸ்தான்புல்லைப் பற்றி ஒரு கதை அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "பாரிஸில் தைத்த கோட்டோடு நஸ்மி தங்கையின் கலியாணத்துக்கு..."

(இல்லை. அவன் பாரிஸைப் பார்த்ததே இல்லை.)

இரண்டாவது: "தகப்பன் முதலில் பார்த்தது மகனை அல்ல, அவனுடைய பிரெஞ்சுக் கோட்டை."

இது இருக்கட்டும். நஸ்மி குனிந்து தகப்பனின் கையை முத்தமிட வேண்டும். கோட் இறுக்கம். குனிகிறான், முதுகுத் தையல் பிரிகிறது, சபை சிரிக்கிறது. [அக்காலக் கதைகளில் மேற்கத்திய மோகம் பிடித்தவனுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி.]

3

அருட்செல்வம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவர் மனைவி மரியகொறற்றி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இவரைத்தான் எழுதினனீங்களோ, அண்ணை? மகளின்ரை கலியாணத்துக்குப் புனாட் தைப்பிச்சு வைச்சிருக்கிறார்."

புனாட் நோர்வேக்காரரின் மரபுடை: ஆண்களுக்கு முழங்காலோடு நிற்கும் காற்சட்டை, பெண்களுக்கு நீளப் பாவாடை, இரண்டிலும் வெள்ளிப் பொத்தான்கள். அவர் தைப்பித்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான்...

"பிள்ளை கரோலினா பிறந்த ஊர் இது," என்றார் அருட்செல்வம் மனைவியிடம். "அவளைக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகேக்கை போடவேணும் எண்டு ஆசை. சனம் சிரிக்கும் எண்டு உவரே எழுதிப்போட்டார். விடு, கோட் சூட்டே போடுறன்."

மரியகொறற்றி சிரிப்பை நிறுத்தினார். "கோட் சூட் மட்டும் எங்கடை மன்னாரிலை நெய்ததோ?"

நான் கதைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அவனை என்ன செய்யப்போறீர்?" என்றார் அருட்செல்வம்.

"ஆரை?"

"நஸ்மியைத்தான்."

4

(நஸ்மியின் தகப்பன் அணிந்திருக்கும் சிவப்புத் தொப்பியும் அவருடைய தகப்பன் காலத்தில் புதிதாக வந்ததுதான். அப்போதும் யாரோ முகம் சுளித்திருப்பார்கள்.)

முடிவு அ: தையல் பிரிகிறது.

முடிவு ஆ: மகன் குனியத் திணறுவதைக் கண்டு, தகப்பன் தன் கையைக் கொஞ்சம் மேலே உயர்த்துகிறார்.

எனக்கு இப்போது இரண்டாவதில்தான் விருப்பம். ஆனால் நான் ஒருதலைப்பட்சமானவன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

5

அருட்செல்வம் புனாட்டோடுதான் மகளைத் தேவாலயத்துக்குள் கூட்டிச் சென்றார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நோர்வேக்கார மாப்பிள்ளை ஆன்ட்ரியாஸ் கோட் சூட் போட்டிருந்தான். மணமக்கள் இப்போது இதே நகரில், அம்மருட்டில் இருக்கிறார்கள். மரியகொறற்றி தனக்கும் ஒரு புனாட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறார்.