மீசையில் பால்

காலை நடை முடிந்து வீட்டுக்குள் வந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மீசை நுனியில் பால் ஒட்டியிருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்ன? தையல்காரியான அவர் மனைவிக்கு ஊசியில் நூல் கோர்க்கத்தான் கண்ணாடி வேண்டும். புருஷன் மீசையைப் பார்க்க வேண்டியதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து “எனக்குப் பால் பிடிக்காது” என்று சாதித்தவர். எலும்பு தேய்ந்திருக்கிறது, தினமும் பால் குடித்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும் தம்ளரைத் தள்ளித்தான் வைத்தார். அவளோ கெட்டியான பாலாடையாகப் பார்த்து, தான் ஒருநாளும் ருசி பார்க்காமல், அவர் தம்ளரில் மிதக்கவிடுவாள். அதை வேண்டாம் என்றவர் எவள் வீட்டில் போய்க் குடிக்கிறார்?

மறுநாள் பின்னாலேயே போனாள். தெருக்கோடியில் தனியாக இருக்கும் நர்ஸம்மா வீட்டு வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து சமர்த்தாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே போய் எதிரில் நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவர் விழித்தார்.

நர்ஸம்மாதான் பேசினாள். “வாங்கக்கா. இவருக்குப் பால் புடிக்கும்க்கா. ஆடை உதட்டுல பட்டாத்தான் குமட்டுதாம். வடிகட்டிக் குடுத்தா குடிச்சிடறாரு. ஏன் புடிக்கலைன்னு கேட்டேன், சொன்னாரு.”

கேட்டாளாம், சொன்னாராம். இத்தனை வருஷத்தில் தான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பொறாமை வந்திருக்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள். “அவகிட்ட சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு என்கிட்ட சொல்ல என்ன வந்துச்சு?”

“நீ ஆசை ஆசையா ஆடையை எடுத்துப் போடற. அதப் பாத்தாலே குமட்டுதுன்னு எப்படிம்மா சொல்றது? பாலே புடிக்காதுன்னுட்டேன். அந்த நர்ஸம்மா மூஞ்சி சுருங்கினா எனக்கென்ன?”

அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். காய்ச்சிய பாலை ஆறவைத்து டீ வடிகட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். வடிகட்டியில் நின்ற ஆடையை விரலால் வழித்து முதன்முறையாகத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

“மீசையைத் துடைங்க” என்றாள். “நாளையிலேர்ந்து வாக்கிங் அந்தப் பக்கம் வேணாம்.”