பெயர், தந்தை பெயர், வந்த காரியம்

என் பெயரை மறந்துபோன அப்பாவுக்குச் சின்னப்பாவின் பெயர் மட்டும் ஒருநாள்கூட மறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அப்பா சேஷகிரி, கர்நாடக அரசாங்கத்தில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமைச் செயலகமான விதான சௌதாவில் அவர் அறை வாசலில் இருபது வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டர்தான் சின்னப்பா. ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் கழித்து, 2003-ல், அப்பாவுக்கு மறதி நோய் முற்றியது. தினமும் காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குப் புறப்பட ஆரம்பித்தார். ஒருநாள் பைஜாமாவோடு மல்லேஸ்வரத்திலிருந்து சேஷாத்ரிபுரம் வரை நடந்தே போய்விட்டார். அதன் பிறகு கதவைப் பூட்டி வைத்தோம். உள்ளேயிருந்து கை வீங்கும்வரை தட்டினார்.

விஷயம் கேள்விப்பட்டு, அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சின்னப்பா பார்க்க வந்தார். வாசலில் நின்று பழையபடி ஒரு சலாம் வைத்தார். “ஏன் லேட்டு சின்னப்பா? ஃபைல் எங்கே?” என்றார் அப்பா. நானாக இருந்தால் என்ன ஃபைல் என்று கேட்டிருப்பேன். சின்னப்பா கண் இமைக்காமல், “வந்துக்கினே இருக்குது சார்” என்றார்.

மறுநாள் அவென்யூ ரோட்டில் அட்டையும் சிவப்பு நாடாவும் வாங்கி, பழைய காகிதங்களை வைத்துக் கட்டி, நாலு ஃபைல் கொண்டுவந்துவிட்டார். எங்கள் முன்னறை ஆபீஸ் ஆயிற்று. பத்தரைக்கு அப்பா குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு மேஜைக்கு வருவார். கன்னடத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவார். மணி அடித்தால் சின்னப்பா உள்ளே வருவார். என் மனைவி பாமா கெஞ்சியும் இறங்காத சோறு, “லஞ்ச் டைம் சார்” என்று சின்னப்பா சொன்னதும் இறங்கியது. வீட்டில் சும்மா குந்திக்கினு இருப்பதற்கு இது தேவலை என்று சொல்லிவிட்டு அவர் தினமும் வந்தார்.

நல்லதுதானே என்று ஊரே சொன்னது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை ஆசையாக முன்னறைக்குள் போனால், அப்பா கண்ணாடிக்கு மேலே பார்த்து, “யார் இவர்? யார் உள்ளே விட்டது?” என்பார். அதே மனிதர் முறுக்கைப் பாதியாக உடைத்துச் சின்னப்பாவுக்குக் கொடுப்பார். சின்னப்பாவின் பெண் கல்யாணத்தில் மழை பெய்ததைச் சொல்லிச் சிரிப்பார். என் கல்யாணத்தில் என்ன பெய்தது என்று அவருக்குத் தெரியாது. பழைய ஞாபகங்கள்தான் கடைசிவரை நிற்கும் என்று டாக்டர் சொன்னார். சின்னப்பா வேலைக்குச் சேர்ந்தது அறுபத்தைந்தில். நான் பிறந்தது அறுபத்தொன்றில். சீனியாரிட்டிப்படி பார்த்தாலும் நான்தான் முந்தி.

இந்த எரிச்சல் புதிதும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, மார்க் ஷீட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அப்பாவின் ஆபீஸுக்கு ஓடினேன். “அய்யா மீட்டிங்ல கீறாரு, குந்துங்க தம்பி” என்று சின்னப்பா பெஞ்சைக் காட்டினார். இரண்டு மணி நேரம் குந்தினேன். அப்பா வெளியே வந்தார், யாரோடோ பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார், காரில் ஏறிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்று சாமியும் கொடுக்கவில்லை. ஆனால் என் கோபமெல்லாம் பூசாரி மேல்தான் உட்கார்ந்தது.

இரண்டாம் சனிக்கிழமை வந்தது. கவர்ன்மென்டுக்கே லீவு, நீங்களும் வரவேண்டாம் என்று சின்னப்பாவிடம் முதல் நாளே சொல்லி அனுப்பினேன். ஒரே ஒரு நாள் அப்பா எனக்கு மட்டும் வேண்டும், என்னை ராம்கி என்று ஒரு தரம் கூப்பிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பத்தரைக்கு மணி அடித்தது. நான் போய் நின்றேன். கையில் ஆல்பம். “அப்பா, நான்தான் ராம்கி. உங்க பிள்ளை” என்றேன். சின்னப்பாவைக் கூப்பிடு என்றார். விடாமல் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். நீங்கள் ரிடையர் ஆகிப் பதினெட்டு வருஷம் ஆயிற்று, இது வீடு, ஆபீஸ் இல்லை என்று குரலை உயர்த்தினேன். அவர் அம்மாவின் படத்தில் விரலை வைத்து, இவள் எங்கே, கோயிலிலிருந்து இன்னும் வரவில்லையா என்று கேட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அம்மா போய் நாலு வருஷம் ஆச்சே அப்பா, அதுகூடவா ஞாபகம் இல்லை என்று கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு அம்மா அன்றுதான் செத்தாள். மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை, கொள்ளி யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் வைத்தேன், அவர் பக்கத்தில்தான் நின்றார். ஆல்பத்தை மூடினேன்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த பாமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“பொண்டாட்டி செத்ததை ஒருத்தருக்கு எத்தனை தடவைன்னா சொல்லுவேள்? அவர் சொல்றது தப்புன்னு நிரூபிச்சு என்ன ஜெயிக்கப் போறேள்னு டாக்டர் கேட்டாரே, காதுல விழலையா?”

மதியம் ஒரு மணிக்கு அவர் ஏன் அழுகிறார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. அழுகை மட்டும் நிற்கவில்லை. சோறும் இறங்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு அடுகோடிக்குப் போனேன். சின்னப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், பொறாமையில்தான் உங்களை வரவேண்டாம் என்றேன் என்பதையும் சேர்த்து.  அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் சலாம் வைத்து உள்ளே போனார். அப்பாவின் குரல் மெல்ல மெல்லச் சாதாரணமாவது வெளியே எனக்குக் கேட்டது. தட்டு காலியான பிறகு சின்னப்பா ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார்.

“அய்யா சீட்டு இல்லாம யாரையும் பாக்க மாட்டாரு தம்பி. பேரு, அப்பா பேரு, வந்த காரியம். எழுதிக் குடுங்க, நான் உள்ள வெக்கிறேன்.”

அவரை முறைத்தேன். நாற்பத்திரண்டு வயதில், என் வீட்டில், என் அப்பாவைப் பார்க்கச் சீட்டு. ஆனாலும் எழுதினேன். ராமகிருஷ்ணன். தந்தை பெயர், சேஷகிரி. காரியம் என்ற இடத்தில் பேனா நின்றது. ‘சொந்த விஷயம்’ என்று போட்டேன். பிறகு வராந்தா நாற்காலியில் குந்தினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. மணி அடித்தது. போகலாம் என்று சின்னப்பா தலையை ஆட்டினார்.

அப்பா சீட்டைப் பார்த்து, “ஹேளி, ஏனு பேக்கு?” என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் தமிழுக்கு வந்தார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று அதையே தமிழில் கேட்டார்.

“எங்கப்பாவுக்கு மறதி நோய் சார். என்னை அவருக்குத் தெரியலை.”

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார். நானும் என் மனைவியும், எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஒருத்தரும் என்றேன். இந்த ஆபீஸால் ஆகவேண்டியது என்ன என்றார். அப்பாவைப் பார்க்கப் போனால் காத்திருக்க வேண்டியிருக்கிறது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன்.  அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதே சீட்டில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, மணி அடித்தார்.

வெளியே வந்ததும் சின்னப்பா அதை என்னிடம் காட்டினார். அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்தால் அப்பாவுக்கு ஒரு நோயும் இல்லை. கன்னடத்தில், ‘கோரிக்கை நியாயமானது. இவரை இனிமேல் காக்க வைக்க வேண்டாம்’ என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் அப்பாவுக்கு அதெல்லாம் மறந்துபோயிருந்தது. என்னையும்தான். பொறாமை எனக்குப் போகவில்லை. முறுக்கில் பாதி இன்னும் சின்னப்பாவுக்குத்தான் போகிறது. ஆனால் அவர் அந்தச் சீட்டை அப்பாவின் மேஜையிலிருந்த ஃபைல்களுக்கு மேலே, கண்ணில் படும்படி குத்தி வைத்திருந்தார். நான் போன வாரம்போல வராந்தா நாற்காலியை இழுத்தேன்.

“நீங்க எதுக்கு குந்துறீங்க? உங்களுக்குத்தான் ஆர்டர் கீதே” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா சீட்டைப் படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உக்காருங்கோ. உங்கப்பா இப்போ எப்படி இருக்கார்?”

“தேவலை சார்” என்றேன். “இன்னிக்கு என்னோட பேசினார்.”