ஏழாவது மம்பட்டி

விடிந்ததும் மாரப்பனின் கை சுவரோரம் போய்த் துழாவியது. மம்பட்டி இல்லை. அதற்கென்றே பெண்டாட்டி பூவாத்தாள் சாணம் போட்டு மெழுகி வைத்த மூலை வெறுமனே கிடந்தது. படுத்தபடியே இன்னொரு முறை துழாவினான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். யாரும் திருடவில்லை. நேற்றுப் பொழுது சாய அதை எங்கே வைத்தோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுப்புப் பக்கமிருந்து பூவாத்தாள் என்ன என்று கேட்டாள்.

"பண்ணாடி சாளைல வெச்சுட்டு வந்துட்டேன் புள்ள."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எலப்புள்ளிக்குக் கிழக்கே பண்ணாடி சென்னியப்பனின் தோட்டத்தில் மாரப்பன் இருபத்தாறு வருஷம் மண் வெட்டியிருக்கிறான். பண்ணாடி வீட்டை ஒட்டிய சாமான் கொட்டகையான சாளையில் ஆறு மம்பட்டிகள். ஆறும் பண்ணாடியுடையவை. காலையில் எடுப்பதும், பொழுது சாய வாய்க்காலில் கழுவிச் சாளைச் சுவரில் சாய்ப்பதும் வேலையில் சேர்த்தி. சாய்த்துவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்து "வெச்சுட்டனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பண்ணாடிச்சி மயிலாத்தாள் "செரி" என்பாள். ஆறு குரல், ஆறு செரி. எண்ணிக்கை அவள் பொறுப்பு. ஒன்று குறைந்தால் சோற்றுக்கு உட்காரும் முன்பே புருஷனிடம் சொல்லிவிடுவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்தக் குரலைக் கொடுக்காமல் மாரப்பன் ஒருநாளும் குடிசைக்குத் திரும்பியதில்லை.

போன வருஷம் சட்டம் வந்தது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு அண்டிக் கிடந்தவனுக்கு இனி அந்தக் குடிசையும் அதைச் சுற்றிப் பத்து செண்டும் சொந்தம் என்றார்கள். முச்சந்தியில் பீடிக்கடை வைத்திருக்கும் அலவி, கட்சிக் காரியங்களும் பார்ப்பவன், தானே மனு எழுதி மாரப்பனின் ரேகையை வாங்கிக்கொண்டு போனான். மனு போன அந்த வாரமே பண்ணாடி அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டம் எழுதியவர்கள் நிறைய யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் பத்து செண்டு மண்ணைக் கையில் கொடுத்தால் அதை எதைக் கொண்டு வெட்டுவான் என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் குடிசைகளில் அரிவாள் இருந்தது, களைக்கொத்து இருந்தது. சொந்தமாக மம்பட்டி வைத்திருந்தவன் ஒருவனும் கிடையாது.

பூவாத்தாளின் வெள்ளாட்டுக் கிடாய் சந்தைக்குப் போய் மம்பட்டியாகத் திரும்பி வந்தது. காம்பை மாரப்பனே வெள்வேலங் கொம்பில் செதுக்கினான். ஓட்டாஞ்சில்லால் வழித்து வழித்து, உள்ளங்கைக்கு எங்கேயும் உறுத்தாத வரைக்கும் விடவில்லை. ஆப்பு இறுக வேண்டுமென்று ஓர் இரவு முழுவதும் குடத்துத் தண்ணீரில் ஊறப்போட்டான். நாற்பத்தெட்டு வயதில் அவனுக்கென்று வந்த முதல் சாமான் அது. பூவாத்தாள் பார்க்காத நேரத்தில் அதைத் தூக்கித் தோளில் வைத்து வாசலில் நாலு எட்டு நடந்து பார்த்ததும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கோடைமழை பெய்தது. அங்கே கரிமண். மழை பெய்து நாலு நாள்தான் மம்பட்டிக்கு இடம் கொடுக்கும். அப்புறம் கணவாய்க் காற்று அடித்துப் பாறையாக்கிவிடும். வெள்ளிக்கிழமை வில்லேஜ் ஆப்பீசிலிருந்து அளக்க வருகிறார்கள், அதற்குள் மண்ணைக் கொத்தி விதை போட்டு வை என்று அலவி சொல்லியிருந்தான். சும்மா கிடந்தால் அது தன் மாடு கட்டுகிற இடம் என்று பண்ணாடி காட்டிவிடுவார், குடிசையோடு நீங்களும் வெளியே போக வேண்டியதுதான் என்றான். திங்கட்கிழமை மாரப்பன் மூன்று செண்டு கொத்தினான். தனக்காக வெட்டியபோது இடுப்பு வலிக்கவேயில்லை. அவன் அதைப் பூவாத்தாளிடம் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே அவரை விதையை ஊறப்போட்டாள்.

பொழுது சாய்ந்தது. வாய்க்காலில் மம்பட்டியைக் கழுவினான். கரையேறினால் இடது பக்கம் குடிசை, வலது பக்கம் சாளை. கால்கள் தாமே சாளைக்குப் போயின. அவனுடைய பழைய இடத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், இரும்பு இலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தான். துண்டை உதறினான். "வெச்சுட்டனுங்க" என்றான். உள்ளேயிருந்து "செரி" என்று வந்தது. அவன் வேலையிலிருந்து நின்ற பிறகு ஐந்து குரலாகிவிட்டிருந்தது. அன்றைக்கு ஆறு வந்தும் மயிலாத்தாளுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. இருபத்தாறு வருஷமாக ஆறுதானே.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய், வாசலுக்கு வெளியே துண்டை இடுக்கிக்கொண்டு நின்றான். சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏண்டா மாரா, எவனாச்சும் அவஞ் சாமானத்த அடுத்தவஞ் சாளைல கொண்டாந்து வெப்பானா?"

"காலு பழகிப்போச்சுங்க பண்ணாடி. தெரியாம வெச்சுட்டனுங்க."

"காலுக்குத் தெரியுது, இது யாரு பண்ணையம்னு. உனக்குத்தான் தெரியல."

வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக மீதியைச் சொன்னார். சாளையில் இருப்பது சாளையுடையது. மம்பட்டி வேண்டுமென்றால் எப்போதும்போல வேலைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், பொழுதோடு கொண்டுவந்து வைக்கலாம். வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம் மனு வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் போதும். குடிசையைக் காலி செய் என்று இன்றுவரை அவர் சொன்னதில்லையே. மாரப்பன் கிணற்றடியைப் பார்த்தான். அங்கே மயிலாத்தாள் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் "செரி" சொன்னது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் நிமிரவில்லை.

அலவி தலையில் அடித்துக்கொண்டான். கடையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் முதலில் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஊரே சிரித்தது. நாளைக்கு வேட்டியையும் அவிழ்த்துச் சாளையில் வைத்துவிட்டு வந்துவிடு என்றான் ஒருவன். சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலம் ஏதாவது ஒரு சாளையில் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். அலவி மட்டும் சிரிப்பு அடங்கியபின் அவனைத் தனியே கூப்பிட்டு, போய் எடுத்துவிடாதே என்று எச்சரித்தான். பண்ணாடி அதற்குத்தான் காத்திருக்கிறார், திருட்டுக் கேஸ் என்று ஒன்று விழுந்தால் மனுவும் போய்விடும், நீயும் ஸ்டேஷனில் கிடப்பாய். நீ வைத்ததைக் கேட்ட சாட்சி யாராவது உண்டா என்றான். கேட்டது மயிலாத்தாள் ஒருத்திதான். புருஷனுக்கு எதிராக எந்தப் பண்ணாடிச்சி வந்து சாட்சி சொல்வாள்.

புதன்கிழமை அவனும் பூவாத்தாளும் களைக்கொத்தையும் மழுங்கிய அரிவாளையும் வைத்துக்கொண்டு மண்ணோடு மல்லுக்கட்டினார்கள். மேல்மண் காய ஆரம்பித்திருந்தது. களைக்கொத்தின் மூக்கு ஒடிந்தது. பூவாத்தாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டிகளை விரலால் பெயர்த்தாள். இரண்டு விரலில் நகம் பிய்ந்துவிட்டது. அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி பெயர்த்தாள். உச்சிவேளைக்கு அரைச் செண்டு தேறவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் பண்ணாடியின் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் கையில் மாரப்பனின் மம்பட்டி இருந்தது. பொங்கியண்ணன் பூவாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன். முன்பு வைத்திருந்தது தேய்ந்துவிட்டதென்று பண்ணாடியே எடுத்துக் கொடுத்தாராம். காம்பின் நடுவில் கருப்பாக மூன்று கோடு தெரிந்தது. சாளைச் சாமான் எல்லாவற்றிலும் இருக்கிற பண்ணையத்து அடையாளம். செவ்வாய்க்கிழமையே கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டுவிட்டார்கள். அந்த வெள்வேலங் கட்டையை எத்தனை நாள் வழித்தோம் என்று மாரப்பன் நினைத்தான். அவனுக்குத் தொடையில் சூடு வைத்த மாதிரி இருந்தது.

பொழுது சாயும்போது பொங்கியண்ணன் வாய்க்காலுக்குப் போகிற வழியில் நின்றான். தங்கச்சியின் விரலைப் பார்த்தான். என்னென்னவோ சொல்ல நினைத்திருப்பான் போல.

"காம்பு நல்லா அமைஞ்சிருக்குது மாப்ள," என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் சாளைப் பக்கமிருந்து அவன் குரலும், உள்ளேயிருந்து "செரி"யும் கேட்டன.

மறுநாள் விடியற்காலை மயிலாத்தாள் தோட்டத்துக் கிணற்றுக்கு வரும் நேரம் பார்த்து மாரப்பன் போய் நின்றான். அவள் வைத்திருக்கும் மிளகாய்ப் பாத்தி, வெங்காயப் பாத்தி எல்லாம் அவன் வெட்டிக் கொடுத்தவை. சாட்சி சொல்வாளா என்று கேட்க நினைத்ததை இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் முடிக்காமல் விட்டான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"எண்ணறதுதானப்பா எனக்குச் சொன்ன வேல. யாருதுன்னு கேக்கச் சொல்லல."

அது மறுப்பா, வேறு ஏதாவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. முப்பது வருஷமாக அந்த வீட்டில் எண்ணிக்கொண்டிருப்பவள் அவள். அவளுக்கென்று அங்கே ஒரு சாமான் இருந்ததா என்பதும் அவனுக்குத் தெரியாது.

குடிசைக்குத் திரும்பியபோது பூவாத்தாள் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவரை விதைகள் முளைவிட்டு வெள்ளையாக வால் நீட்டியிருந்தன. இன்னொரு நாள் தாங்காது, அழுகிவிடும். மண்ணும் இன்று ராத்திரிக்கு மேல் இடம் கொடுக்காது. வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான். இருவரும் முளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் வேலைக்குப் போகிறேன் என்றான். போய், பொழுதுக்கும் பண்ணாடி காட்டில் வெட்டிவிட்டு, வாய்க்காலில் கழுவி, நேராக இங்கே கொண்டுவந்துவிடுகிறேன், ராத்திரியோடு ராத்திரியாகக் கொத்திவிடலாம், அளக்கிறவர்கள் வந்து போன பிறகு நடப்பது நடக்கட்டும் என்றான். எண்ணிக்கை குறைந்தது தெரிந்தால் இன்று இரவே ஸ்டேஷனுக்கு ஆள் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இன்னிக்காச்சும் காலு சொல்பேச்சுக் கேக்குங்களா?" என்றாள் பூவாத்தாள். கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

சாளையில் பொங்கியண்ணன் யாரும் சொல்லாமலே தேய்ந்த பழைய மம்பட்டியை எடுத்துக்கொண்டு புதியதை விட்டுவிட்டுப் போயிருந்தான். மாரப்பன் அதைத் தூக்கினான். சூடு போட்ட இடம் கைக்குச் சொரசொரவென்று இருந்தது. பண்ணாடி கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். அப்படி வாடா வழிக்கு என்றார். மனிதருக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை. மத்தியானம் கம்பங்கூழும் வெங்காயமும் கொடுத்தனுப்பினார். மாரப்பன் வாழையில் இரண்டு வரிசை மண் அணைத்தான். மம்பட்டி அவன் கைக்கு அவ்வளவு பாந்தமாக இருந்தது. வெட்டுகிற ஒவ்வொரு வெட்டும் வரப்புக்கு இந்தப் பக்கம் விழுகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. அந்தப் பக்கம் பூவாத்தாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மண்ணைப் பெயர்த்துக்கொண்டேயிருந்தாள்.

பொழுது இறங்கியது. மற்ற ஐந்து பேரும் முன்னால் போய்விட்டார்கள். மாரப்பன் வாய்க்காலில் நின்று இலையில் ஒட்டியிருந்த மண்ணை வைக்கோலால் தேய்த்தான். வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தான். சாளைப் பக்கமிருந்து குரல் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் "செரி" வந்தது. கடைசியாகப் பொங்கியண்ணன் குரல். ஐந்தாவது செரி. அப்புறம் சத்தமில்லை.

மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறினான். தண்ணீர் முதுகில் சொட்டியது. வலது பக்கம் சாளை. இடது பக்கம், கூப்பிடு தூரத்தில், குடிசை. பூவாத்தாள் வாசலில் எழுந்து நின்றிருந்தாள். கையில் விதை முடிச்சு. கூப்பிட நினைத்து வாயில் கைவைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் பண்ணாடி வீட்டுக்குக் கேட்டுவிடும்.

அவன் குரல் கொடுக்கவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்து மயிலாத்தாளின் குரல், எப்போதும்போல, அவசரமில்லாமல் வந்தது.

"செரி."

அது எதற்காக என்று மாரப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறாவது செரி. எண்ணிக்கை சரி என்று இன்று அவள் புருஷனிடம் சொல்லிவிடுவாள். கையை மேலே தூக்கிக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் காலடியில் சாளை வாசலின் கூழாங்கல் குத்தியது. குனிந்து பார்த்தான். அந்தக் குரலைக் கேட்டதுமே கால்கள் வலது பக்கம் திரும்பியிருந்தன. மூன்றாவது தூண் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. தோளிலிருந்து மம்பட்டி பாதி இறங்கியிருந்தது.